சாவிப் பலகையில் தொங்கிய வாஷர்கள்

போன கிழமை பஸ் டிப்போவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் இப்போதைய வேர்க்ஷொப் போர்மன். மற்றது கந்தோரில் வேலை செய்கிற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை தன் போனை என் மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டிற்று. இனிமேல் கூட வேலை செய்கிற ஒருவர் நன்றாகச் செய்தால் மற்றவர்கள் இதிலே அவருக்கு ஒரு நட்சத்திரம் அனுப்பலாமாம். மேலதிகாரி கொடுக்கிற பரிசு இல்லை, வேலையாட்களே ஒருவரை ஒருவர் மெச்சுகிற திட்டமாம். தொடக்க நாளில் பழைய ஆள் என்று நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"இது புதுசோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள், முழுக்கப் புதுசு."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதியே தருகிறேன், யாராவது தெளிவான குரல் உள்ளவர் வாசியுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நட்சத்திரம் நல்லதுதான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் கொடுத்தது தேய்ந்துபோன வாஷர். நட்டுக்கும் இரும்புக்கும் இடையில் போடுகிற வட்டத் தகடு. அந்த வாஷரால் எங்கள் டிப்போவில் ஒரு மனிதர் ஊரைவிட்டே போகப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

நான் பேசாலைக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள், எனக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். அதனால்தான் பஸ் திருத்தப் போனேன். கொழும்புப் பக்கத்தில் ஒரு பயிற்சி வேர்க்ஷொப்பில் சேர்த்தார்கள். அங்கே எஞ்சின் கழற்றப் பழகினேன், சிங்களத்தில் ஏசப் பழகினேன், கறிக்கு மாசிக் கருவாடு போட்டால் அது கறியாகாது என்பதையும் கண்டுபிடித்தேன். பயிற்சி முடிந்ததும் மன்னார் டிப்போவுக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அங்கே வேர்க்ஷொப் குழிக்குள்தான் நின்றேன். மேலே பஸ் நிற்கும், கீழே நாங்கள் நிற்போம். எந்தப் பெரிய மனிதரையும் நான் அடியிலிருந்துதான் பார்த்துப் பழகியவன்.

பஸ்ஸை அடியிலிருந்து பார்த்தால் றைவரின் குணம் முழுவதும் தெரியும். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு வரலாம், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வரலாம், ஆனால் கிளச் பிளேற் உண்மையைச் சொல்லிவிடும். கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓடுகிறவர் யார், பள்ளத்தைக் கண்டும் விடாமல் அடித்து ஸ்பிரிங் பட்டையை உடைக்கிறவர் யார், பிரேக்கை மிதித்தே பஸ்ஸை நிறுத்துகிறவர் யார், கியரைக் குறைத்து மெல்ல நிறுத்துகிறவர் யார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதுவும் மன்னார்க் காற்று பொல்லாதது. உப்பு எங்கும் ஏறும். பற்றறி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதைத் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுகிற றைவர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. தலைமன்னார் வீதியில் மணல், வெள்ளாங்குளம் வீதியில் பள்ளம். இரண்டிலும் ஓடி, காலையில் கொடுத்த வண்டியை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவது சின்ன விசயமில்லை.

அதை மெச்ச வேண்டும் என்று முதலில் நினைத்தவர் எங்கள் போர்மன் லெம்பேட் அண்ணை. வாயால் ஒரு நல்ல வார்த்தை சொல்வதென்றால் அவருக்குப் பல்லுப் பிடுங்குவது போல. டிப்போ வாசலில் சாவிப் பலகை இருந்தது. ஒவ்வொரு றைவருக்கும் ஒரு ஆணி, ஆணியின் கீழே பெயர், ஆணியில் அவருடைய பஸ்ஸின் சாவி. நன்றாக ஓடிய ஒரு றைவரின் ஆணியில் ஒருநாள் லெம்பேட் அண்ணை ஒரு பழைய வாஷரைக் கொழுவிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அந்த றைவர் தன் பஸ்ஸிலிருந்துதான் வாஷர் கழன்று விழுந்துவிட்டது என்று பயந்து, சக்கரம் சக்கரமாகக் குந்தியிருந்து தேடியிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் அது வழக்கமாயிற்று.

பிறகு சட்டதிட்டமும் வந்தது. மாதக் கடைசி நாள் பின்னேரம், தேத்தண்ணி நேரத்தில், வேர்க்ஷொப்காரர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த வேலைக்காரனின் ஆணியில் ஒரு வாஷர் போடலாம். றைவர்மார் எங்கள் உடுப்புக் கொழுவுகிற ஆணிகளில் எங்களுக்குப் போடுவார்கள். புது வாஷர் போடக்கூடாது, ஸ்டோரில் இருக்கிற காசிம் நானா சண்டைக்கு வருவார். சொந்தக்காரன் என்று போடக்கூடாது, கஷ்டப்பட்டவன் என்று இரக்கத்தில் போடக்கூடாது, கண்ணால் கண்ட வேலைக்கு மட்டும்தான். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், யார் போட்டது என்று மூச்சு விடக்கூடாது. "சொல்லிப்போட்டால் அது மெச்சுறது இல்லையடா, பல்லைக் காட்டுறது" என்பார் லெம்பேட் அண்ணை. ஆடி மாதக் கடைசியில் அதிக வாஷர் யாருடைய ஆணியில் இருக்கிறதோ, அவர்தான் மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு முதல் பஸ் எடுப்பார். பூமாலை போட்ட பஸ். றைவரின் வீட்டுக்காரர் முன் சீற்றில் இருந்து போவார்கள். வேறு பரிசு கிடையாது. ஆனால் அந்த முன் சீற்றுக்காக வருசம் முழுக்க ஒழுங்காக ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது மனேஜர் குணநாயகம் ஐயாவைச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், பேச்சு அதைவிட மெலிவு. கூட்டுகிறவரையும் "நீங்கள்" என்றுதான் சொல்வார். காலையில் பஸ்கள் நிற்கிற யார்ட்டைச் சுற்றி வருவார், ஒரு பஸ்ஸையும் தொடமாட்டார், பார்த்துக்கொண்டே போவார். யாரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்க மாட்டார். தன் மேசைக்கு முன்னால் இருக்கிற ஒற்றைக் கதிரையைக் காட்டி, "இருங்கோ, இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பார். ஏச்சு வாங்குவதைவிட அந்தக் கதிரைக்குத்தான் எங்களுக்குப் பயம். அதில் இருந்தவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

வாஷர் விசயம் அவர் காதுக்குப் போனதும் என்னைத்தான் கூப்பிட்டார். கதிரை நுனியில் இருந்து முழுவதும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபத்திலும் துடைப்பார், யோசிக்கும்போதும் துடைப்பார், அதனால் ஒன்றும் பிடிபடாது.

"தாசன், அப்ப எனக்கும் ஒரு ஆணி அடிக்கலாமோ?" என்றார்.

அடித்தோம். பாவம் மனிதர், ஒரு வருசம் அந்த ஆணி மொட்டையாகவே இருந்தது. ஒவ்வொரு மாத முடிவிலும் அந்தப் பக்கம் தற்செயலாக வருகிறது போல வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒரு மாதம் ஒரேயொரு வாஷர் தொங்கியது. அன்றைக்கு யார்ட்டைச் சுற்றி வரும்போது அவர் சீட்டியடித்ததை வேர்க்ஷொப் முழுவதும் கேட்டது.

எங்கள் டிப்போவில் ஒருவருக்கும் பிடிக்காத ஆள் ஒருவர் இருந்தார். நறுவிலிக்குளம் கந்தசாமி அண்ணை, வெள்ளாங்குளம் பஸ்ஸின் றைவர். கறுவல், நெடுவல், முகத்தில் சிரிப்பு என்ற சாமானே இல்லை. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். பகிடி விட்டால் விளங்காத மாதிரி நிற்பார். நேரம் என்றால் நேரம்தான். ஓடி வருகிற ஆளுக்கும் நிற்பாட்ட மாட்டார். அவரோடு போய் வருகிற கொண்டக்டர்மார் நாள் முழுக்க ஊமை நாடகம் நடித்துவிட்டு வந்த மாதிரி இறங்குவார்கள். எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒரு காலை வணக்கத்துக்கு அவர் தலையை ஆட்டுவதற்குள் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

அவர் ஏன் நேரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. அவருடைய மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, நடக்க முடியாமல் போய்விட்டவர். பிள்ளைகள் இல்லை. விடியமுன் சமைத்து வைத்து, அவவைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கந்தசாமி அண்ணை வேலைக்கு வருவார். முடிந்த கையோடு சைக்கிளில் பறப்பார். அந்த ஊர்ப் பயணி ஒருவர் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும், அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. தெரிந்தும் எங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. மனித மனம் அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

அந்த வருசம் அவரோடு போன கொண்டக்டர் அருளப்பு. வங்காலைப் பொடியன், வாய் ஓயாதவன், எல்லோருக்கும் செல்லம். ஒருநாள் வெள்ளாங்குளத்தில் தேத்தண்ணிக் கடையில் கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். நேரம் ஆனதும் கந்தசாமி அண்ணை ஒரு ஹோர்ன் அடித்துவிட்டு, கொண்டக்டர் இல்லாமலே பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். டிக்கற் போட ஆளில்லாமல் சனம் சும்மா வந்து இறங்கிற்று. அருளப்பு நெல்லு லொறியில், மூட்டைக்கு மேல் இருந்து, தலையெல்லாம் உமியோடு வந்து சேர்ந்தான். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. கொண்டக்டர்மாரைக் கூட்டி, இந்த மனிதனோடு இனி வேலை செய்ய ஏலாது என்று மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டுவிட்டான்.

அவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை வெருட்டி வைப்பார்கள் என்று அவன் நினைத்தான். ஆனால் ஆடி மாதம் வந்தது மாற்றல் கட்டளை. கந்தசாமி அண்ணைக்குத் தென்மாகாணத்தில், பெயர் சொன்னால் நாக்குச் சுளுக்குகிற ஒரு ஊர் டிப்போ. அங்கே படுத்த படுக்கையான மனைவியைக் கொண்டுபோகவும் முடியாது, இங்கே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. போகாவிட்டால் வேலை போய்விடும். அருளப்புவின் முகம் அன்றிலிருந்து செத்துப்போயிற்று. பெட்டிசத்தைத் திருப்பி எடுக்கலாமா என்று மனேஜரிடம் கேட்டானாம். கடிதம் திரும்பி வராது, ஆனால் இந்த றைவர் இங்கே தேவை என்று டிப்போவே சொன்னால், தான் மேலே போய்க் கதைக்கலாம் என்றாராம் குணநாயகம் ஐயா. அதற்கு முதலில் கந்தசாமி அண்ணை வாய் திறந்து கேட்க வேண்டும். அவர் கேட்கிற ஆளா?

அந்த மாதக் கடைசி நாள் தேத்தண்ணி நேரத்தில் நான் சாவிப் பலகையடிக்குப் போனேன். ஒருவரும் இல்லை, கந்தசாமி அண்ணையும் சாவியைக் கொழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். இரக்கத்துக்குப் போடக்கூடாது என்பது சட்டம், அதனால் மனசாட்சியைத் தொட்டு யோசித்தேன். ஐந்து வருசம் அவருடைய பஸ்ஸைக் குழிக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளம் விழுந்த வீதியில் ஓடியும் ஒரு ஸ்பிரிங் பட்டை முறிந்து வந்ததில்லை. பற்றறி முனை எப்போதும் துடைத்து, கிறீஸ் பூசியபடியே இருக்கும். பிடிக்குதோ இல்லையோ, நல்ல வேலைக்காரன். வாஷரைப் போட்டுவிட்டு, ஆரும் கண்டால் வெட்கம் என்று அவசரமாக வந்துவிட்டேன். எனக்கு முந்தி இரண்டொன்று கிடந்தது போல இருந்தது, நின்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை கந்தசாமி அண்ணை சாவி எடுக்க வந்தார். சாவியைக் காணவில்லை. அவருடைய ஆணி தலைவரைக்கும் வாஷரால் நிரம்பிக் கிடந்தது. ஆணியில் இடமில்லாமல் சிலர் கம்பித் துண்டில் கோத்து அதன் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் எல்லோரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், தான் மட்டும்தான் இந்த விசர் வேலை செய்கிறேன் என்று நினைத்து அந்த ஒரே ஆணியில் போட்டிருந்தோம். அவர் மகிழ்ந்துபோவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் முகம் கறுத்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினார், சாவி அடியில் இருந்தது. வாஷரையெல்லாம் லேஞ்சித் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டார்.

"போறவனுக்குப் பகிடியோ?" என்றார். "இரும்புக் கடை வைக்கட்டாம் எண்டுறியளோ?"

நேராக மனேஜரின் கந்தோருக்குள் போனார். நாங்கள் யன்னலடிக்கு ஓடினோம். முடிச்சை மேசையில் வைத்தார்.

"இருங்கோ கந்தசாமி."

"நிண்டே சொல்லுறன் ஐயா. இவ்வளவு காலமும் எனக்கு ஒரு வாஷர் போடாத ஆக்கள், மாத்தல் வந்த உடன எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டியிருக்கினம். நான் போறது அவைக்குத் திருவிழா. நான் போறன். இண்டைக்கே கையெழுத்து வையுங்கோ."

முந்தியும் அவருக்கு வாஷர் போட்டவர்கள் உண்டு, ஆனால் மாதத்துக்கு ஒன்று இரண்டு. ஏதோ தவறி ஆணி மாறி விழுந்தது என்று அவர் அதைப் பக்கத்து ஆணியில் மாற்றிப் போட்டிருக்கிறார். இதை அவரே பிறகொரு நாள் என்னிடம் சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

குணநாயகம் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து விறாந்தைக்கு வந்தார். "இதைப் போட்டவை ஆர்?" என்று மெல்லக் கேட்டார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. சட்டம் அதுதானே. லெம்பேட் அண்ணை நிலத்தைப் பார்த்தார், நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். மனேஜருக்குப் பின்னால் நின்ற கந்தசாமி அண்ணை எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நாங்கள் பேசாமல் நிற்க நிற்க, தான் நினைத்தது சரி என்றே அவருக்குப் படுகிறது என்று எனக்குத் தெரிந்தது. வெள்ளாங்குளம் பஸ் புறப்படுகிற நேரமும் வந்துவிட்டது. சனம் ஏறிவிட்டது.

அருளப்புதான் முன்னுக்கு வந்தான். கொண்டக்டருக்கு வாஷர் போட உரிமையே இல்லை.

"அதில ஒண்டு என்ர, அண்ணை."

"நீர்தானே பெட்டிசம் போட்டது?"

"ஓம். அதுவும் நான்தான், இதுவும் நான்தான்." அவன் இன்னொரு அடி கிட்ட வந்தான். "போன மாரிக்குள்ள மதகுக்கு மேலால வெள்ளம் பாயேக்க, நீங்கள் பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணிக்குள்ள நடந்து அக்கரைக்குப் போய், வீதி இருக்கோ எண்டு காலால தடவிப் பாத்துப்போட்டு வந்தனீங்கள். பிறகுதான் சனத்தை ஏத்திக்கொண்டு போனனீங்கள். நான் மேல நிண்டு பாத்தனான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை அண்ணை. உங்களோட கதைக்கத்தான் எனக்குப் பிடிக்காது. உங்கட பஸ்ஸில வாறதெண்டால் நான் என்ர அம்மாவையும் ஏத்துவன்."

அதற்குப் பிறகு எனக்கும் நாக்குக் கழன்றது. "மற்றதில ஒண்டு என்ர" என்று பற்றறி முனையைப் பற்றிச் சொன்னேன். காசிம் நானா, இந்த மனிசனுக்கு ஐந்து வருசத்தில் ஒரு கிளச் பிளேற்தான் கொடுத்தேன் என்றார். லெம்பேட் அண்ணை, தானே போட்ட சட்டத்தைத் தானே உடைத்து, "நான் ரெண்டு போட்டனான், களவா" என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் சுவரில் கையை ஊன்றினார். பிறகு உள்ளே போய், தானாகவே அந்தக் கதிரையில் இருந்தார்.

"எனக்கு ஆக்களோட கதைக்கத் தெரியாது ஐயா" என்றார். "நான் ஓடுறது ஒருத்தற்ற கண்ணிலயும் படேல்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒருத்தரும் சொல்லேல்லையே."

பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார். "ஐயா, மனிசிக்கு என்னை விட்டால் ஆளில்லை. என்னை இஞ்சயே வைச்சிருங்கோ."

அவர் வாயால் அப்படி ஒரு வேண்டுகோள் வந்ததே பெரிய காரியம். உடனே மணிக்கூட்டைப் பார்த்தார், "ஐயோ, பஸ்!" என்று பாய்ந்து ஓடினார். இவர் நிற்க மாட்டார் என்று தெரிந்த அருளப்பு அவருக்கு முன்னால் ஓடினான். அவர் கையில் வெள்ளாங்குளம் பஸ் பிந்திப் புறப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

குணநாயகம் ஐயா கடிதம் எழுதிக்கொண்டு இருக்கவில்லை. அந்த முடிச்சைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைய ரயிலிலேயே கொழும்புக்குப் போனார். அங்கே எந்த அதிகாரியின் மேசையில் அதை அவிழ்த்தார், என்ன சொன்னார் என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. மாற்றல் நின்றது. அவர் திரும்பி வந்த நாளில் லெம்பேட் அண்ணை எங்களைக் கூட்டிவைத்து, இனிமேல் வாஷர் போடுகிறவன் போய் ஆளின் முகத்துக்கு நேரே காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டார். அதைச் சொல்லும்போது அவருக்கே வேர்த்தது.

அந்த ஆவணியில் மடுவுக்கு முதல் பஸ் எடுத்தவர் கந்தசாமி அண்ணைதான். நறுவிலிக்குளத்துக்குப் பஸ்ஸோடு போய், அவருடைய மனைவியைக் கதிரையோடு தூக்கி வந்து முன் சீற்றில் இருத்தியவர்கள் நாங்கள் நாலு பேர். வீட்டை விட்டு வெளியில் வந்து எத்தனையோ வருசமாம். வழி நெடுக மரத்தையும் மாட்டையும் பார்த்து, "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தா. பின்னால் சனம் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தது. கந்தசாமி அண்ணை வழக்கம்போல ஒரு சொல்லும் இல்லாமல் ஓடினார். அந்தப் பள்ளங்களில் அவ்வளவு மெதுவாக இறக்கி ஏற்றிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

மடுவில் பஸ் நின்று சனமெல்லாம் இறங்கிய பிறகு, அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அருளப்பு பக்கம் திரும்பினார். முகம் வழக்கம்போல இறுகித்தான் இருந்தது. ஒருதரம் செருமினார்.

"அருளப்பு. நீர் நல்ல கொண்டக்டர். வயசு போன ஆக்களைக் கையைப் பிடிச்சு ஏத்துறீர். நான் கண்ணாடிக்குள்ளால பாக்கிறனான்."

வாய் ஓயாத அருளப்பு டிக்கற் பையைத் திறந்து, எண்ணி முடித்த காசையே திரும்ப எண்ணத் தொடங்கினான். கந்தசாமி அண்ணை அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கி, சக்கரத்தைப் பார்க்கப் போகிறவர் மாதிரி பின்பக்கம் போய்விட்டார்.

முன் சீற்றில் இருந்த அவருடைய மனைவி எங்களைப் பார்த்துச் சிரித்தா.

"அவரைக் கேக்காதேங்கோ தம்பி, வெக்கப்படுவார்" என்றா. "நேத்தைக்கு முழுக்க, என்ர கட்டிலடியில நிண்டு, இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகினவர்."